கத்திரி வெயிலில் மீன் தொட்டித் தண்ணீரைப் பக்குவமாகக் குளிர்விப்பது

மே மாதம் பிற்பகல் 3 மணிக்கு, பாளையங்கோட்டையில் கான்கிரீட் தளம் போட்ட வீட்டுப் பட்டாசலில் (கூடத்தில்) இருக்கும் தொட்டிக்குள் தெர்மோமீட்டரை விட்டால் 33, 34 டிகிரி காட்டுவது சாதாரணம். மச்சில் வைத்த தொட்டி என்றால் இன்னும் ஒரு டிகிரி கூடும். கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். டெட்ராக்கள் பில்டர் தண்ணீர் விழும் மூலையில் போய் ஒண்டிக்கொண்டு நிற்கும். இதைப் பார்த்த பதற்றத்தில் ஐஸ் ட்ரேயை அப்படியே தொட்டிக்குள் தட்டிவிடுகிறவர்கள் நிறைய. அங்கேதான் மீன் சாகிறது. அந்த நேரத்தில் மீனுக்குத் தேவை காற்று. காற்றைக் கொடுத்துவிட்டால், சூட்டை இறக்க ஒரு நாள் முழுக்க அவகாசம் கிடைக்கும்.

காரணம் இதுதான். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 34 டிகிரியில் அது 7 மில்லிகிராம்தான். வரவு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது. தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அதே ஆக்சிஜனைத்தான் பங்கு போடுகிறது. போதாக்குறைக்கு அம்மோனியா: பிஎச் (அமில-கார அளவு) 8 இருக்கும் தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் விஷமான பகுதி 25 டிகிரியில் 5.4 சதவீதம், 30 டிகிரியில் 7.5 சதவீதம். நேற்றுவரை தாங்கிய அழுக்கை இன்று தாங்காது.

முதல் பத்து நிமிடம்

தொட்டி விளக்கை அணையுங்கள். மேல் மூடியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் வெக்கை வெளியே போகட்டும். மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கப்பியும் மோலியும் துள்ளித் தரையில் விழும். ஏர் பம்ப் இருந்தால் முழு வேகத்தில் வையுங்கள். பில்டரின் தண்ணீர் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பி, மட்டம் முழுக்கச் சிற்றலை ஓடும்படி செய்யுங்கள். ஆக்சிஜன் தண்ணீருக்குள் போவது பெரும்பாலும் இந்த மேற்பரப்பு வழியாகத்தான். குமிழியின் பெரிய வேலை, அடித்தண்ணீரை மேலே தூக்கிக்கொண்டு வருவது.

அன்றைக்குத் தீனி வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. செரிக்கும்போது ஆக்சிஜனும் செலவாகும், அம்மோனியாவும் கூடும்.

ஹீட்டர் போட்டிருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே தண்ணீரைவிட்டு எடுங்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். 26-இல் வைத்த ஹீட்டர் 34-இல் எரியாதே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. மலிவு விலை ஹீட்டர்களின் உள்ளே இருக்கும் தகடு நாளடைவில் ஒட்டிக்கொண்டு, அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். வெயில் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான குற்றவாளியைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்த வீடுகள் உண்டு.

பில்டரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அணைக்காதீர்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் 25 வாட் மோட்டார் தன் சூட்டை முழுவதும் தண்ணீருக்கே கொடுக்கிறது என்பது சரிதான். அதற்காக நிறுத்தினால், இந்த வெக்கையில் பில்டர் பஞ்சில் இருக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சு முட்டிச் சாகும். மறுநாள் ஓடவிட்டதும் அந்த அழுகல் முழுக்கத் தொட்டிக்குள் வரும்.

மீன் மேலே வருவதெல்லாம் திணறல் அல்ல. ஃபைட்டரும் கௌராமியும் இயல்பாகவே மேலே வந்து காற்றை விழுங்குபவை. சக்கர் மீன் எப்போதாவது மேலே ஓடிவந்து திரும்புவதும் அப்படித்தான். மற்ற மீன்கள் கூட்டமாக மேல்மட்டத்திலேயே நின்று, செவுள் மூடி படபடவென்று அடித்தால்தான் அவசரம்.

எத்தனை டிகிரி வரை சரி

கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் பட்டைத் தெர்மோமீட்டரை நம்ப வேண்டாம். பாதி தண்ணீரின் சூட்டையும் பாதி அறையின் சூட்டையும் கலந்து காட்டும். உள்ளே தொங்கவிடும் கண்ணாடித் தெர்மோமீட்டரோ, ஒயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டலோ போதும். காலை 6 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். காலை எண்ணுக்கும் மாலை எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். 30-இலேயே நிற்கும் தொட்டியைவிட, தினமும் 27-க்கும் 33-க்கும் ஏறி இறங்கும் தொட்டியில்தான் நோய் அதிகம்.

கோல்டு ஃபிஷ்ஷும் கோய் மீனும் குளிர் விரும்பிகள். 18-இலிருந்து 24 வரை அவற்றுக்குச் சுகம், 30-க்கு மேல் நரகம். நம்மூர் வெயிலுக்கு உண்மையில் அவை ஏற்ற மீன்களே இல்லை, ஆனால் கடையில் முதலில் விற்பது அவைதான். நியான் டெட்ராவுக்கு 26 வரை. கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் 28 வரை நிம்மதியாக இருக்கும். காற்று நன்றாக இருந்தால் 30, 31-ஐயும் ஓட்டிவிடும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 வரை வேண்டும். டிஸ்கஸ் தொட்டியை 26-க்கு இறக்கிவிட்டுக் குளிர்ச்சி என்று சந்தோஷப்படக்கூடாது.

இறக்கும் வேகம்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று டிகிரி போதும். 34-இலிருந்து 31-க்கு வந்தாலே மீன் தெளிந்துவிடும். 26-க்கு இன்றே கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை.

மின்விசிறி: நெல்லைக்கு ஏற்ற வழி

தண்ணீரைக் குளிர்விக்க மிகச் சிக்கனமான வழி, அதன் மேற்பரப்பில் காற்றை வீசி ஆவியாக விடுவது. கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ ஐஸ் உருகி 30 டிகிரிக்கு வரும்வரை இழுப்பது 110 கிலோ கலோரிதான். ஆக, விசிறி ஒரு லிட்டரை ஆவியாக்கினால் 5 கிலோ ஐஸ் போட்டதற்குச் சமம். அதுவும் மெதுவாக, மீனுக்குத் தெரியாமலேயே.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. நெல்லை, பாளை, அம்பாசமுத்திரம் பக்கம் மே மாதப் பிற்பகல் காற்று வறண்டது. 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஆவியாதல் தண்ணீரை இறக்கக்கூடிய கடைசி எல்லை சுமார் 24 டிகிரி. தொட்டி அந்த எல்லைவரை போகாது. ஆனாலும் 34-இலிருந்து 30, 31-க்கு வர இடம் தாராளமாக இருக்கிறது. உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் கதை வேறு. 34 டிகிரியும் 70 சதவீத ஈரமும் இருந்தால் அந்த எல்லையே 29-க்கு மேல். அங்கே விசிறி ஒரு டிகிரி, மிஞ்சிப்போனால் ஒன்றரை டிகிரி இறக்கும்; மீதிக்கு ஐஸ் பாட்டிலை நம்ப வேண்டும்.

இரண்டடித் தொட்டிக்குக் கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று போதும், மூன்றடிக்கு இரண்டு. 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவதால் தண்ணீருக்குப் பக்கத்தில் 230 வோல்ட் வராது. அது இல்லையென்றால் கிளிப் ஃபேன், டேபிள் ஃபேன். நேர் மேலிருந்து கீழ்நோக்கி வைக்காமல், ஒரு ஓரத்திலிருந்து சாய்வாக, காற்று மட்டத்தைத் தடவிக்கொண்டு மறு ஓரம் போகும்படி வையுங்கள். தண்ணீர் மேல் மெல்லிய சுருக்கம் ஓடினால் கோணம் சரி. அறை ஜன்னல் திறந்திருக்கட்டும். மூடிய அறையில் ஆவியான ஈரம் அங்கேயே தங்கி, விசிறியின் பலன் குறைந்துகொண்டே போகும்.

டேபிள் ஃபேன் என்றால் தொட்டி விளிம்பில் வைக்காதீர்கள். தனி ஸ்டூலில், விழுந்தாலும் தண்ணீருக்குள் விழாத தூரத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி வரட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், மீனைக் கவனிப்பதற்கு முன் அதைப் பொருத்துங்கள். தண்ணீருக்குள் கை விடும்போது எல்லா பிளக்கும் வெளியே.

இனி விசிறியின் பக்கவிளைவு. இரண்டடி நீளம், ஒரு அடி அகலத் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் மட்டம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கும். தினமும் ஒன்று, ஒன்றரை லிட்டர் போவது இயல்பு. நான்கு நாள் கவனிக்காவிட்டால் மேல் பில்டரின் மோட்டார் காற்றை இழுத்துக் கடகடக்கும், பிறகு எரிந்துபோகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பளம். நிரப்புவதற்கு ஆற்றுத் தண்ணீர், அதாவது குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நல்லது. வீட்டில் ஆர்ஓ இருந்தால் அதன் நல்ல தண்ணீர் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும் வழக்கத்தை விசிறி ஓடுகிறது என்று நிறுத்திவிட வேண்டாம்.

பானைத் தண்ணீர்

வெயில் காலத்தில் தண்ணீர் மாற்றுவதிலேயே சூடும் இறங்கும், ஆனால் மாற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை பொறுக்காத சூட்டில் வரும். காலை 6 மணிக்கு முன் பிடித்தால்தான் அது உதவும். அதைவிட நல்லது, முன்தினமே பானையில் ஊற்றி வைப்பது.

காருக்குறிச்சிப் பக்கம் சுடுகிற, வர்ணம் பூசாத மண்பானை, 15 லிட்டர் பிடிப்பதாகப் பாருங்கள். புதுப்பானையில் இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஊறுகாயோ உப்போ போட்டிருந்த பானை ஆகாது. காற்றோடும் தார்சாவில் (தாழ்வாரத்தில்), ஈர மணல் மேல் வையுங்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றியதும், குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்தை பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்துவிடுங்கள். பானையின் வயிற்றில் வேர்வை பூத்தாற்போல் ஈரம் கசிந்தால் பானை வேலை செய்கிறது என்று பொருள். கசிவே இல்லாத, நன்றாக வழவழப்பேற்றிய பானை அழகுக்குத்தான். வறண்ட காற்றில் அறைச் சூட்டைவிட நாலைந்து டிகிரி குறைவாகத் தண்ணீர் கிடைக்கும்.

50 லிட்டர் தண்ணீர் 34 டிகிரியில் இருக்கிறது; 10 லிட்டரை எடுத்துவிட்டு 28 டிகிரிப் பானைத் தண்ணீரை விடுகிறீர்கள். முடிவு 32.8. ஒரே தவணையில் ஒன்றேகால் டிகிரி. இதைக் கவிழ்க்காமல், ஏர் பம்ப் குழாயை சைஃபன் போல வைத்து ஒன்றரை மணி நேரம் ஓடும்படி விடுங்கள். குழாயில் ஒரு தளர்வான முடிச்சுப் போட்டால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். போர் தண்ணீரை நேராக விடுவது ஆபத்து; நிலத்துக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. வாளியில் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பின் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் ஓடவிட்ட பிறகே அது தொட்டித் தண்ணீர்.

ஐஸ் பாட்டில், கணக்கோடு

விசிறியும் காற்றும் கொடுத்தும் 32-க்குக் கீழே வரவில்லை என்றால் ஐஸ். முதலில் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும்: நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர். 24, 12, 12 என்றால் 56. மணல், கல் போக 50 என்று வையுங்கள்.

நினைவில் வைக்க எளிய கணக்கு: 100 லிட்டர் தண்ணீரை ஒரு கிலோ ஐஸ் சுமார் ஒரு டிகிரி இறக்கும். அரை லிட்டர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி உறையவைத்தால் உள்ளே 375 கிராம் ஐஸ். 50 லிட்டர் தொட்டியில் அது முக்கால் டிகிரிக்குச் சற்று மேல் இறக்கும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில், அது உருகி முடிந்து தெர்மோமீட்டரைப் பார்த்த பிறகு அடுத்தது. அதே தொட்டியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் போட்டால் ஒன்றரை டிகிரி சட்டென்று இறங்கும். அது மூன்றடி, நான்கடித் தொட்டிக்கான அளவு.

முழுக்க நிரப்பிய பாட்டில் உறையும்போது விரிந்து பிளக்கும், அதனால்தான் முக்கால்வாசி. லேபிளையும் பசையையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிப்புறத்தைச் சோப்பு போடாமல் கழுவுங்கள். சீக்கிரம் குளிரட்டும் என்று உள்ளே உப்புக் கரைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பாட்டில் கசிந்தால் அந்த உப்பு எங்கே போகும் என்று யோசித்தால் அதைச் செய்யமாட்டீர்கள். பாட்டிலை நூலால் கட்டி, பில்டர் தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில் மிதக்கவிடுங்கள். ஓட்டம் இல்லாத மூலையில் விட்டால் குளிர்ந்த தண்ணீர் அடியில் போய்த் தங்கும். மேலே 33, கீழே 27 என்று ஒரே தொட்டிக்குள் இரண்டு ஊர் இருக்கும். மீன் நடுவே போய் வந்து சோர்ந்துபோகும்.

ஐஸ் கட்டியை நேராகப் போடக்கூடாது என்பது வீட்டு ஐஸுக்கே பொருந்தும்போது, மீன் மார்க்கெட் பார் ஐஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது உப்புக் கரைசல் தொட்டிக்குள் தகர டப்பாக்களை இறக்கி உறையவைப்பது. எந்தத் தண்ணீர், என்ன சுத்தம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவசரத்துக்கு வாங்கினாலும் உடைத்து மூடிபோட்ட பாட்டிலுக்குள் அடைத்தே பயன்படுத்துங்கள்.

ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்துக்கு ஐஸே கிடையாது. 200 கிராம் ஐஸ் அதை நான்கு டிகிரிக்கு மேல் இறக்கிவிடும். கிண்ணத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்து, இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி, நனைந்த துண்டைக் கிண்ணத்தைச் சுற்றி நுனி தண்ணீரில் தொடும்படி சுற்றிவிடுங்கள், எதிரே விசிறி. துண்டு காயக்கூடாது, அவ்வளவுதான்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட், பிற்பகல் வெயில் உச்சிக்கு வரும்போதும் வந்திருக்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்போ, பவர் பேங்கில் செருகும் யுஎஸ்பி ஏர் பம்ப்போ ஒன்று வீட்டில் இருக்கட்டும். எதுவுமே இல்லையென்றால் ஒரு செம்பு போதும்: தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் தொட்டிக்குள் ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருபது செம்பு.

ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வந்து பம்ப்பை நனைக்கும். பம்ப்பை மட்டத்துக்கு மேலே ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள்.

செடி நிறைய உள்ள தொட்டியில் இரவில் கூடுதல் கவனம் வேண்டும். விளக்கு அணைந்ததும் செடியும் ஆக்சிஜனை எடுக்க ஆரம்பித்துவிடும். அதிகாலை 4, 5 மணிதான் அங்கே மோசமான நேரம். பகலில் நன்றாகத்தானே இருந்தது என்று இரவில் ஏர் பம்ப்பை அணைப்பவர்கள் காலையில் மிதக்கும் மீனைப் பார்க்கிறார்கள்.

தொட்டி இருக்கும் இடம்

மேற்குச் சுவரை ஒட்டிய தொட்டிக்கு மாலை 3 மணிக்கு மேல் சுவரே அடுப்பு. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அங்குலத் தெர்மோகோல் வையுங்கள். நான்கு பக்கமும் சுற்றினால் மோட்டார் சூடு வெளியே போகாது, அந்த ஒரு பக்கம் மட்டும் போதும். ஜன்னலுக்குக் கோரைத் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டித் தண்ணீர் தெளிப்பது அறையைக் குளிர்விக்கும். கடலோரத்தில் இது பலிக்காது. மொட்டை மாடித் தளத்துக்கு ஏப்ரல் மாதமே சுண்ணாம்பு அடித்துவிட்டால் கீழே இருக்கும் எல்லாருக்கும் நல்லது, மீனும் அதில் சேர்த்தி. தொட்டியை இடம் மாற்றுவதென்றால் தண்ணீரை இறைத்துக் காலி செய்த பிறகே தூக்குங்கள். கால்வாசித் தண்ணீரோடு தூக்கினாலும் ஒட்டு விட்டுப்போகும்.

ஏசி அறையில் தொட்டி வைப்பவர்கள் இரவு மட்டும் 22-இல் ஓடவிட்டுப் பகலில் அணைத்தால் மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். 27-இல் தொடர்ந்து ஓட்ட முடியாதென்றால் அந்த அறை வேண்டாம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் விலை கூடுதல். கடல் மீன் தொட்டிக்கும் இறால் வளர்ப்புக்கும் நியாயம், கப்பிக்கு வாங்குவது வீண். வாங்கினாலும் மர அலமாரிக்குள் அடைக்காதீர்கள், அது தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அலமாரிக்குள்ளேயே கொட்டித் தானும் திணறும்.

சூடு இறங்கிய பிறகு ஒரு வாரம் துடுப்புகளைக் கவனியுங்கள். உப்புத் தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வெள்ளைப் புள்ளி நோய்; சூட்டை வேகமாக இறக்கியது காரணமாக இருக்கலாம். 32, 33 டிகிரியில் மருந்து ஊற்றுவதைத் தவிர்க்கவும். பல மருந்துகள் இருக்கிற ஆக்சிஜனையும் குறைக்கும். காற்றைக் கூட்டி, சூட்டை 30-க்குக் கொண்டுவந்த பிறகு மருந்து.

ஜூன் முதல் வாரத்தில் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கியதும், கணவாய் வழியாக வரும் மேல்காற்று நெல்லைவரை வீசும். மே மாதம் வைத்த விசிறியை யாரும் அணைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரே இரவில் 31-இலிருந்த தொட்டி 26-க்குப் போய்விடும். காலண்டரில் குறித்த காலை எண் 28-ஐத் தொட்ட அன்றே விசிறியை இரவில் நிறுத்துங்கள், இரண்டு நாள் கழித்துப் பகலிலும்.